மண்டல ஓட்டம் குறித்த விளக்கக் கூட்டம்

ஜூலை 8, திங்கள்

இன்று இயந்திரத்தை ஏழு முறை இயக்கினோம். ஒரு முறை இயக்குவதை இங்கே ஷாட் என்போம். உள்ளே பிளாஸ்மா எரிந்தது அதிகபட்சம் 79 மில்லி விநாடி. சாதனை இன்னும் 81தான், அதுவும் போன வருஷம் எடுத்தது.

நாளிதழில் எங்கள் ஆய்வுக்கூட இயக்குநர் தாமோதரனின் பேட்டி முழுப் பக்கத்துக்கு வந்திருக்கிறது. தலைப்பு, இந்த ஊர்ப் பெயரோடு, 'ஊஞ்சவலசில் ஒரு சூரியன்'. படத்தில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு இயந்திரத்தின் மேல் கை வைத்து நிற்கிறார். கை வைத்திருப்பது இரண்டு வருஷமாக ஓடாத பழைய வெற்றிடப் பம்பின் மேல். பேட்டியில் என் பெயரும் இல்லை, என் ஆராய்ச்சியும் இல்லை. எனக்கு வருத்தமில்லை. கூடவே பதினோரு வருஷம் உழைத்த ஒருவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஒரு மனிதரால் எப்படி அவ்வளவு நேரம் பேச முடிகிறது என்பதுதான் ஆச்சரியம்.

வெள்ளிக்கிழமை, மனைவி கோமதி ஆசிரியையாக இருக்கும் பள்ளியின் விழாவில் நான் பேசினேன். அதை எழுத மறந்துவிட்டேன். நாற்பது நிமிடம், என் ஆராய்ச்சிப் பொருளான மண்டல ஓட்டத்தைப் பற்றி. அரங்கில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. முடித்ததும் கைத்தட்டல் நிற்கவே நேரமாயிற்று. பொதுமக்களுக்கு அறிவியல் தாகம் இல்லை என்று யார் சொன்னது?

கோமதிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. வெள்ளியிலிருந்து பேசவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை. வாங்கி ஒரு முறை பார்த்துவிட்டு முருங்கைக்கு ஊற்றினாள்.

ஜூலை 11, வியாழன்

காலையில் நாச்சிமுத்து முகம் சரியில்லை. அவர்தான் எங்கள் வெற்றிடத் தொழில்நுட்பர், இதே ஊர்க்காரர், இயந்திரம் வந்த நாளிலிருந்து இருக்கிறார். கேட்டதற்கு, ஊருக்குள் பேட்டியைப் பற்றித்தான் பேச்சு என்றார். "உள்ள சூரியன் செய்யறாங்களாமா, அது வெடிச்சா உடுமலை வரைக்கும் ஒண்ணும் மிஞ்சாதாமா. எங்கூட்டுலயே கேக்கறாங்க சார். நான் காத்தை உறிஞ்சற ஆளு, எனக்கென்ன தெரியும்னு சொல்லிப்போட்டு வந்தனுங்க."

பதினொரு மணிக்கு ஊராட்சித் தலைவர் மயிலாத்தாள் தம் மொபெட்டில் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். உள்ளே வர மறுத்து வாசல் கதவுக்கு வெளியிலேயே நின்றார். கையில் பேட்டியின் நகல். ஏற்கெனவே இருக்கிற சூரியனே இந்த ஊருக்கு அதிகம், இதில் இன்னொன்று எதற்கு என்று கேட்டார். ஊரில் பதினாறு வீட்டுக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டனவாம்.

இது வெறும் வம்பு என்றால் பரவாயில்லை. எங்களுக்குப் புது உயர் அழுத்த மின்கம்பி வர வேண்டியிருக்கிறது. அது ஊரின் மேய்ச்சல் நிலம் வழியாகத்தான் வர முடியும். அதற்கு ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும். தீர்மானம் இல்லையென்றால் கம்பி இல்லை. கம்பி இல்லையென்றால் அடுத்த கட்டத் திட்டமே இல்லை, இயந்திரத்தை வேறு மாநிலத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று கடிதமே வந்திருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

இயக்குநர் அழைத்தார். ஊர் மக்களுக்கு விளக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். காரணம், இந்த ஆய்வுக்கூடத்தில் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்த ஒரே முனைவர் நான்தானாம். இதை அவர் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமானவர் இல்லை என்பது உண்மை. ஒரு வாரத்துக்கு முன் பள்ளியில் நிரூபித்திருக்கிறேன்.

கோமதிக்கு இன்னும் தொண்டை சரியாகவில்லை. சமையல்கட்டில் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள்: 'கேஸ் தீர்ந்துவிட்டது'. கையெழுத்து வழக்கத்தைவிட அழுத்தமாக இருந்தது.

ஜூலை 15, திங்கள்

இன்று முழுக்கத் துண்டறிக்கை எழுதினேன். முதலில் என் மனத்தில் தெளிவாக இருக்கட்டும் என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் இயந்திரம் உளுந்து வடை வடிவத்தில் ஒரு எஃகுக் கூடு. உள்ளே மிகக் கொஞ்சம் ஹைட்ரஜன் வாயு. அதை இருபது லட்சம் டிகிரிக்குச் சூடாக்குகிறோம். அந்தச் சூட்டில் அணுக்கள் உடைந்து மின்னேற்றம் பெற்றுவிடும், அதுதான் பிளாஸ்மா. அந்தச் சூட்டைத் தாங்கும் பாத்திரம் உலகில் இல்லை. ஆகவே காந்தப் புலத்தால் சுவரில் படாமல் அந்தரத்தில் பிடித்து வைக்கிறோம். நடுவே கொதிக்கிறது, ஓரத்தில் குளிர்ந்திருக்கிறது. இந்த வித்தியாசத்தால் உள்ளே ஆயிரக்கணக்கான சின்னச் சின்னச் சுழல்கள் கிளம்புகின்றன. ஒவ்வொரு சுழலும் நடுவிலிருக்கிற சூட்டைக் கொஞ்சம் எடுத்து ஓரத்துக்குக் கடத்துகிறது. சூடு போய்விடுகிறது, பிளாஸ்மா செத்துவிடுகிறது.

இதில் அழகு என்னவென்றால், இந்தச் சுழல்கள் ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளும்போது, தாமாகவே பட்டை பட்டையாக நீரோட்டம் போல ஒன்றை உருவாக்குகின்றன. ஒரு பட்டை இந்தப் பக்கம் ஓடும், அடுத்த பட்டை அந்தப் பக்கம் ஓடும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிய சுழல் இழுபட்டுக் கிழிந்துவிடும். சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும். சுழல்களை அடக்குவது சுழல்களே பெற்ற பிள்ளை. இதுதான் மண்டல ஓட்டம். பதினோரு வருஷமாக என் வாழ்க்கை.

சூரியன், வெடிப்பு என்று அச்சமூட்டும் சொற்களே வேண்டாமென்று தீர்மானித்தேன். துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் இவ்வளவுதான்: 'மண்டல ஓட்டம் குறித்த விளக்கக் கூட்டம். ஞாயிறு காலை 10 மணி, சமுதாயக் கூடம். அனைவரும் வருக.' ஐந்நூறு பிரதி.

கோமதியிடம் காட்டினேன். படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படித்தாள். பத்து நாளில் முதல் முறையாகச் சிரித்தாள். அவளுக்குப் பிடித்திருக்கிறது.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொடியில் கிடந்த என் இரண்டு சட்டைகளைக் கொண்டுபோய்விட்டது. ஷாட் 58, 61, 44. காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜூலை 21, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஒன்பதரைக்கே சமுதாயக் கூடம் நிரம்பிவிட்டது. முந்நூறு பேருக்குக் குறையாது. பக்கத்து நான்கு ஊர்களிலிருந்து டெம்போவில் வந்து இறங்கினார்கள். கோட்பாட்டு இயற்பியலுக்கு டெம்போவில் ஆள் வந்து நான் கேள்விப்பட்டதில்லை. பலர் கையில் பட்டா நகல் இருந்தது. ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பேச ஆரம்பித்தேன். மண்டல ஓட்டம் நமக்கு உயிர் போன்றது என்றேன். எல்லாத் தலையும் ஆடியது. தொடங்கும்போது பலமாக இருக்கிறது, போகப் போக நலிந்துவிடுகிறது, இதுதான் நம் பிரச்சினை என்றேன். பின் வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே கைதட்டினார். இடையில் ஏதோ அதை உறிஞ்சிவிடுகிறது, அது என்னவென்று தேடிக்கொண்டிருக்கிறோம் என்றதும், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உறிஞ்சுகிறவர்கள் யார் யார் என்று தமக்குத் தெரியும் என்றார். வாசகர் கடிதம் எழுதும் ஆர்வலராக இருக்கும் என்று நினைத்து, பெயர்களை எழுதித் தரச் சொன்னேன். சர்வே எண்ணோடு எழுதித் தந்தார்.

அந்த முதல் இருபது நிமிடம் என் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த இருபது நிமிடம். எட்டு மண்டலம் உருவாக வேண்டிய இடத்தில் மூன்றுதான் தென்படுகிறது என்று நான் சொன்னபோதுதான் முதல் சலசலப்பு. இருப்பதே நாலுதானே என்று யாரோ சொன்னார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து, கைகூப்பி, மிகப் பொறுமையாகக் கேட்டார்:

"அதெல்லாம் இருக்கட்டுங்க. நாலாம் மண்டலத்துக்கு எப்பங்க தண்ணி உடறீங்க?"

இந்தப் பக்கத்தில் வாய்க்கால் பாசனத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து, முறை வைத்துத் தண்ணீர் திறக்கிறார்கள். மண்டலம் என்றால் இங்கே அது ஒன்றுதான். பதினோரு வருஷம் இங்கே இருந்தும் எனக்கு இது தெரியாது.

நான் தண்ணீர் ஆள் இல்லை என்று விளக்கினேன். அப்படியென்றால் யார் என்றார்கள். சூரியன் செய்கிற இடத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லியிருக்கக் கூடாது. நாச்சிமுத்து என்னைப் பின்வாசல் வழியாக அழைத்துப் போனார்.

ஜூலை 22, திங்கள்

ஊரில் இப்போது புது வதந்தி: செயற்கைச் சூரியனைக் குளிரவைக்க நாலாம் மண்டலத் தண்ணீரை ஆய்வுக்கூடம் குடித்துவிடுகிறது. இயக்குநர் என்னைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, போகச் சொன்னார். திட்டியிருக்கலாம்.

கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டாவோடு வந்தவர்கள், சர்வே எண், எல்லாம். அவள் சட்டென்று எழுந்து சமையல்கட்டுக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். தோள் குலுங்கியது. என் வேதனை அவளை இவ்வளவு பாதிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஜூலை 24, புதன்

பக்கத்து வீட்டம்மா சொன்னார், கோமதியின் குரல் காலை இறைவணக்கத்தில் தெருமுனை வரை கேட்கிறதாம். மைக் வைத்திருப்பார்கள்.

ஜூலை 25, வியாழன்

மைக் பழுதாம்.

ஜூலை 29, திங்கள்

கிராம சபையில் திரையில் போட்டுக் காட்ட அறுபத்திரண்டு படங்கள் தயார் செய்துவிட்டேன். மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்த இடத்தில் நின்று ஒத்திகை பார்த்தேன். கோமதி துணி எடுக்க வந்தவள் நின்று கேட்டாள். பதினேழாவது படத்தில் வாளியைக் கீழே வைத்தாள். இருபத்துநாலு நாள் கழித்துப் பேசினாள்.

"ஊர்க்காரங்க என்ன கேக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பயப்படுகிறார்கள் என்றேன்.

"எதுக்குப் பயப்படுதாங்க? யாருட்டயாவது போயிக் கேட்டீங்களா? அவங்க கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லுதீங்க. உங்களுக்குச் சொல்லணும்ங்கிறதைச் சொல்லுதீங்க. அன்னைக்கும் அதான்."

துணியை வாரிக்கொண்டு போய்விட்டாள். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

'அன்னைக்கும் அதான்' என்றால் எந்த அன்றைக்கு என்று சற்று நேரம் யோசித்தேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஜூலை 5 விழா எதற்கு என்பதை நான் இந்த நாட்குறிப்பில் எழுதவில்லை என்பதை இன்று கவனித்தேன். கோமதி தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு பெற்றதற்குப் பள்ளி நடத்திய பாராட்டு விழா அது. கணவர் என்ற முறையில் இரண்டு வார்த்தை பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் அவளைப் பற்றிச் சொல்வதாகத்தான் இருந்தேன். நேரம் போதவில்லை.

பேச்சை நான் எழுதிக்கொண்டுதான் போயிருந்தேன். பதினோரு பக்கம். எடுத்துப் பார்த்தேன். 'மண்டல ஓட்டம்' நாற்பத்தாறு இடத்தில் வருகிறது. 'கோமதி' எத்தனை இடத்தில் வருகிறது என்று இரண்டு தடவை தேடினேன்.

அந்தக் கைத்தட்டல் ஏன் அவ்வளவு நேரம் நீடித்தது என்பதும் இப்போது விளங்குகிறது. நான் மறுபடி ஆரம்பித்துவிடக் கூடாது என்று தட்டியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. விடுமுறை. நாச்சிமுத்துவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் போனேன். நான் பேசக் கூடாது, கேட்க மட்டும்தான் வேண்டும் என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தேன். நான் வாயைத் திறந்தால் அவர் இருமும்படி ஏற்பாடு. முதல் மூன்று வீட்டில் அவர் இருமிய இருமலைப் பார்த்துச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள்.

நோட்டுப் புத்தகத்தில் முப்பத்தோரு கேள்விகள் சேர்ந்தன. ஒன்றில்கூட 'மண்டலம்' இல்லை. வெடிக்குமா என்று ஒன்பது பேர். கரண்டை எல்லாம் நீங்களே எடுத்துக்கொண்டால் எங்கள் மோட்டார் எப்படி ஓடும் என்று ஏழு பேர். வாய்க்கால் தண்ணீரை எடுக்கிறீர்களா என்று ஆறு பேர். இந்த ஊருக்குப் பெண் கொடுக்க வெளியூரில் யோசிக்கிறார்கள் என்று இரண்டு பேர். மிச்சம் கோழி.

மயிலாத்தாள் தம் வீட்டு முற்றத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு முறம் தள்ளினார். அரை மணி நேரம் உரித்தேன். எழுந்திருக்கும்போதுதான் அவர் பேசினார். இத்தனை வருஷத்தில் அங்கிருந்து ஒருவர் ஊருக்குள் வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை என்றார். குற்றம் சொல்வது போலச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

மாலையில் கோமதியிடம், பள்ளியில் இன்று என்ன நடந்தது என்று கேட்டேன். ஏன் கேட்கிறீர்கள் என்றாள். சும்மாதான் என்றேன். சந்தேகத்தோடுதான் ஆரம்பித்தாள். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை, ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் இல்லை, மைக் ஒன்று வாங்க ஆறு கடிதம் போட்டாயிற்று. ஆயிரத்து நூறு பிள்ளைகள், அவள் ஒருத்தி. நாற்பது நிமிடம் பேசினாள். நான் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை.

மிகவும் களைப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

இயக்குநர் அழைத்து, நாளைக்கு மில்லி விநாடிக் கணக்கை மட்டும் வெளியே சொல்லாதீர்கள் என்றார். எவ்வளவு நேரம் எரியும் என்று கேட்டால், 'போதுமான நேரம்' என்று சொல்ல வேண்டுமாம். ஆய்வுக்கூடத்தின் மானம் என்று ஒன்று இருக்கிறது என்றார். சரி என்று தலையாட்டினேன்.

அறுபத்திரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

காலை எட்டு மணிக்குக் கோமதியின் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியையாக அவள் ஏற்றும் முதல் கொடி. கயிறு சிக்கிக்கொண்டது, ஒரு சுண்டு சுண்டி எடுத்துவிட்டாள். நான் வேப்பமரத்தடியில் பெற்றோர்களோடு நின்றேன். என்னை யாரும் பேசச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மிட்டாய் கொடுத்தார்கள்.

பதினொரு மணிக்குக் கிராம சபை. அதே சமுதாயக் கூடம். நாலாம் மண்டலப் பெரியவர் முன்வரிசையில் இருந்தார். என்னைப் பார்த்து, இன்றைக்காவது தண்ணீரைப் பற்றிப் பேசுவீர்களா என்று விசாரித்தார். இயக்குநர் எனக்குப் பக்கத்து நாற்காலியில்.

நான் பேச வரவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். முதலில் தண்ணீர்: எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துகிறோம், வாய்க்காலில் ஒரு சொட்டு எடுப்பதில்லை, யார் வேண்டுமானாலும் வந்து குழாயைப் பார்க்கலாம் என்றேன். அப்புறம் கோழி. கோழி ஏன் முட்டையிடவில்லை என்று எனக்குத் தெரியாது என்றேன். ஆடிக் காற்றுக்குப் போன வருஷமும் இடவில்லை என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னார். அவருக்கும் பக்கத்திலிருந்தவருக்கும் அதில் கொஞ்ச நேரம் தகராறு.

பிறகு மயிலாத்தாள் எழுந்தார்.

"ஏனுங்க சார், அந்தச் சூரியன் உங்க கையை மீறிப் போச்சுன்னா என்னங்க ஆகும்?"

"அணைஞ்சிரும்மா."

"ஆரு அணைப்பாங்க?"

"யாரும் வேண்டாம். அதுவா அணைஞ்சிரும். அணையாம வச்சிருக்கத்தான் பதினோரு வருஷமாப் பாடுபடுதோம்."

"இப்ப எவ்வளவு நேரமுங்க எரியுது?"

இயக்குநர் தொண்டையைச் செருமினார். போதுமான நேரம் என்பது நாக்கு நுனி வரை வந்தது. மயிலாத்தாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சேர்ந்து கடலை உரித்த ஒருவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு வரவில்லை.

"ஒரு விநாடியைப் பன்னிரண்டாப் பங்கு வச்சா அதுல ஒரு பங்கு. கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள போயிரும்."

கூடம் அமைதியாகிவிட்டது. இந்த முறை அது எந்த வகை அமைதி என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்துக்குள் எவ்வளவு சூடு என்று வெள்ளைச் சட்டைக்காரர் கேட்டார். இருபது லட்சம் டிகிரி என்றதும் சலசலத்தது. உள்ளே இருக்கிற வாயு மொத்தமும் ஒரு கடுகின் எடையில் நூறில் ஒரு பங்குதான், அத்தனை சூட்டையும் பிடித்து ஒரு டம்ளர் டீயில் விட்டால் டீ இரண்டு டிகிரி ஏறும் என்றேன்.

ரெண்டு டிகிரி ஏறினால் எப்படி இருக்கும் என்று டீக்கடைக்காரர் கேட்டார். ஆறிய டீ ஆறிய டீயாகவேதான் இருக்கும் என்றேன்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. கூடம் முழுக்கச் சிரித்தது. நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவர்களுக்கு எங்கள் மேல் இரக்கம் வந்துவிட்டது. இவ்வளவு படித்தவர்கள், இவ்வளவு வருஷம், ஒரு கண் சிமிட்டல்கூடத் தேறவில்லையா என்று ஒரு அம்மா உண்மையாகவே வருத்தப்பட்டார். நாலாம் மண்டலப் பெரியவர் கேட்டார்:

"அது ஏனுங்க அணையுது?"

பதினோரு வருஷத்தில் யாரும் என்னிடம் தாமாக வந்து இதைக் கேட்டதில்லை. சுழல்களைப் பற்றிச் சொன்னேன். அவை சூட்டைக் கடத்துவதையும், அவையே உண்டாக்கும் பட்டைகள் அவற்றைக் கிழிப்பதையும் கையாலேயே காட்டினேன். சரி, அந்தப் பட்டை நிலைத்து நின்றால் எரியும் அல்லவா, அது ஏன் நிற்பதில்லை என்றார். "பாதி தெரியும், பாதி தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் உக்காந்திருக்கேன்" என்றேன். மொத்தம் நாலு நிமிடம். நானாகவே உட்கார்ந்துவிட்டேன்.

தீர்மானம் நிறைவேறியது. மேய்ச்சல் நிலத்துக்கு நடுவில் வேண்டாம், வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதை ஓரமாகக் கம்பி போகட்டும் என்று ஒரு திருத்தம். இன்னொரு திருத்தத்தை மயிலாத்தாளே சேர்த்தார்: ஊர் மோட்டார் ஓடும் நேரத்தில் ஷாட் எடுக்கக் கூடாது. நாங்கள் இரண்டுக்கும் ஒப்புக்கொண்டோம். வெளியே வந்ததும் நிருபரிடம் இயக்குநர், வெளிப்படைத்தன்மைதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் கொள்கை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கோமதி கடைசி வரிசையில் இருந்திருக்கிறாள். சேலையில் கொடி குத்தியபடியே வந்திருக்கிறாள். ஸ்கூட்டரில் வரும்போது, துண்டறிக்கையைப் படித்த உடனே தனக்குத் தெரியும், எல்லாரும் தண்ணீருக்குத்தான் வருவார்கள் என்று சொன்னாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எனக்குத்தான் தொண்டை சரியில்லைல்லா" என்றாள்.

காற்று பலமாக இருந்தது. காற்றாலைகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். திரும்பிப் பார்க்காமல் சொன்னேன், பார்த்தால் சொல்ல முடிந்திருக்காது.

"அன்னைக்கு நான் பேசினதுல உம் பேரு ஒரு இடத்துலகூட வரலை. எடுத்துப் பாத்தேன்."

"தெரியும். நானும் வரும் வரும்னுதான் உக்காந்திருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். தப்பு என் மேல்தான் என்றேன். வெயிலாக இருக்கிறது, வண்டியை எடுங்கள் என்றாள். நான் எடுத்தேன். வழக்கமாகக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ரோடு மேடு பள்ளம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

டீக்கடையில் நுழைந்ததும் எத்தனை என்று கேட்டார்கள். எனக்கு முதலில் புரியவில்லை. 77 என்றேன். பரவாயில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர்.

ஆகஸ்ட் 21, புதன்

83. புதுச் சாதனை. நான் வீட்டுக்கு வருவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. நாச்சிமுத்து வேலை. மயிலாத்தாள் ஒரு மூட்டை கடலை அனுப்பியிருக்கிறார். உரிக்காதது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இன்று எல்லாம் கெட்டுவிட்டது. 41, 38, 41. பட்டைகள் உருவாகின்றன, உருவான உடனே உடைகின்றன. டீக்கடைப் பக்கம் போகாமல் சுற்றுவழியாக வந்தேன். அங்கேயும் இரண்டு பேர் நிறுத்தி ஆறுதல் சொன்னார்கள்.

கோமதி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துப் பேனாவை மூடிவைத்தாள். எத்தனை என்றாள். சொன்னேன். ஏன் என்றாள். தெரியவில்லை என்றேன்.

"சரி, உக்காருங்க. உங்களுக்கு எது தெரியலையோ அதை மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். இடையிடையே கேள்வி கேட்டாள். அந்தப் பட்டையை உடைப்பது வெளியிலிருந்து வருவதா, பட்டையே மிகப் பலமாகித் தன்னைத் தானே உடைத்துக்கொள்கிறதா என்று கேட்டாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இவளும் இயற்பியல் படித்தவள் என்பது எனக்கு எப்படி மறந்துபோனது என்று தெரியவில்லை. கணிப்பொறியில் அதை எப்படிச் சோதிப்பது என்று ஒரு வழி தோன்றியது, திங்கட்கிழமை பார்க்க வேண்டும்.

பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நானே நிறுத்திக்கொண்டேன்.

"அவ்வளவுதானா?" என்றாள் கோமதி.